பதிவேட்டில் இல்லாத பதினோரு பெண்கள்

தலைவர் பத்மாவதி அம்மையார் அவர்களே, தொழிற்சங்கத் தோழர்களே, பிரான்சிஸ் அவர்களின் குடும்பத்தாரே, வேலை முடிந்த களைப்போடு வந்திருக்கும் சிங்காநல்லூர் மக்களே, வணக்கம்.

தொழிற்சாலை ஆய்வாளர் பிரான்சிஸ் போன வியாழக்கிழமை மாரடைப்பால் காலமானார். அவர் படத்தின் கீழே கிடக்கும் மிகப் பெரிய மலர்வளையத்தை அனுப்பியது யார் தெரியுமா? அவர் வழக்குப் போட்ட மில்!

பதிவேட்டில் பெயர் இல்லாமல் ஆள் வைத்தால் முதலாளி மீது வழக்கு என்பது சட்டம். மில்களைச் சோதனை போடச் சொல்லிச் சென்னையிலிருந்து உத்தரவும் வந்தது. ஆனால் இலாகா ஜீப் புறப்படும் முன்பே மில்லுக்குத் தகவல் போய்விடும். அதனால் பிரான்சிஸ் கையில் டிபன் பாக்ஸோடு டவுன் பஸ்ஸில் போவார். தொண்ணூற்றாறு மார்ச்சில் அவர் இந்த மில்லுக்குப் போனபோது, பத்திரிகைக்குச் செய்தி எழுத நானும் கூடப் போனேன்.

ஸ்பின்னிங் பகுதியில், சுவரோரமாகப் பதினோரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மில்லைச் சுற்றிப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் என்றார் மேனேஜர். பிரான்சிஸ் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு நூல் அறுந்தது. ஒரு பெண் சட்டென்று எழுந்து, கண் இமைப்பதற்குள் அதைச் சேர்த்துவிட்டு, பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏனுங்க அம்மணி, விருந்துக்கு வந்த எடத்துல வேலைங்களா?" என்றார் பிரான்சிஸ்.

"அறுந்த நூலைப் பாத்துப்போட்டு எப்படிங்க சும்மா உக்காந்திருக்கறது? மூணு வருசமா இதே கைதானுங்க."

அவர் பெயர் அன்புச்செல்வி. இன்று இங்கே மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.

அன்று மாலையே பதினோரு பேரையும் மில் நிர்வாகம் வேலையை விட்டு வெளியே அனுப்பியது. சட்டம் யாரைத் தண்டிக்க வந்தது? யாரைத் தண்டித்தது? அவர்களைப் பதிவேட்டில் சேர்த்து வேலைக்கு எடுக்க வேண்டும் என்று பிரான்சிஸ் அலைந்தார். அப்படி யாரும் மில்லுக்குள் வந்ததே இல்லை என்று நீதிமன்றத்தில் கூசாமல் சொல்கிறது நிர்வாகம். அன்புச்செல்வியின் மூன்று வருட உழைப்பு நடக்கவே இல்லையாம்!

அங்கே நடந்ததைப் பார்த்த வெளியாட்கள் இரண்டே பேர். ஒருவர் பிரான்சிஸ். சாட்சி சொல்ல வருவீர்களா என்று அவர் இன்னொருவரைக் கேட்டார். பத்திரிகைக்காரன் எழுதுவான், கூண்டில் ஏறமாட்டான் என்று நான் பெருமையாகச் சொன்னேன். "சரிங்க" என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அந்தப் பெருமை இன்று எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த வளையத்தை அனுப்பியவர்கள், சாட்சி செத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். வரும் பதினான்காம் தேதி காலை பத்தரை மணிக்கு வழக்கு எடுக்கப்படுகிறது. கூண்டில் ஏறி, என் பெயரைச் சொல்லி, கண்ணால் கண்டதைச் சொல்வேன். அன்புச்செல்வி, நீங்களும் வாருங்கள்.