பொன்னையா பெயரில் ஒரு கணக்கு

— நான் சண்டைக்கு வரேல்லை, ஜெயலெட்சுமி அம்மா. உங்கட மனுசன் பொன்னையாவோட கொஞ்சம் கதைக்கோணும். சூதாட்டம் கூடாதெண்டு பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறது நான். தகப்பனே மகன்ர போனில பெட் பிடிச்சால் நான் படிப்பிச்சு என்ன பிரியோசனம்?

— யாரு, எங்க வீட்டுக்காரரா? நீங்க லயத்து வீடு மாறி வந்துட்டீங்க போல, டீச்சர்.

— மாறேல்லை. போன கிழமை உங்கட நிஷாந்தைப் போனோட பிடிச்சனான். கிரிக்கெட் பெட். கணக்கு பொன்னையா எண்ட பேரில கிடக்கு. "அப்பாதான் விளையாடுறார், நான் ஸ்கோர் மட்டும் பாத்துச் சொல்லுறனான்" எண்டான்.

— அப்ப உள்ளுக்கு வாங்க. குனிஞ்சு வாங்க, வாசல் நெல தலையில இடிக்கும். இந்தா, கட்டில்ல இருக்காரு. நீங்களே கேளுங்க.

— ஐயோ. இவருக்கு என்ன நடந்தது?

— வாதம். கொழுந்து நிறுக்கிற எடத்துல விழுந்தவருதான். கையி, காலு, வாயி ஒண்ணும் ஓடாது. காது கேக்கும். கண்ணு மட்டுந்தான் அவரு சொன்னபடி கேக்கும். ஒருக்கா சிமிட்டுனா ஆமா, ரெண்டு தரம்னா இல்ல. அப்படித்தான் நாங்க குடும்பம் நடத்துறோம். அன்னைக்கு ரசத்துல உப்பு கூடிருச்சான்னு கேட்டேன். டக்குனு ஒரு சிமிட்டு. பொண்டாட்டி மனசு நோகுமேன்னு ஒரு பொய் சொன்னா என்ன?

— எனக்குத் தெரியாதம்மா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

— அதுக்கென்னங்க. நிஷாந்த் வெளியில சொல்லிக்க மாட்டான், ரோசக்காரன். ஆனா அப்பன் மேல உசிரு. ஸ்கூல் விட்டு வந்தா மூஞ்சி தொடச்சு, தல சீவி, முதுகுக்குத் தலகாணி முட்டுக் குடுத்து, போன மூஞ்சிக்கு நேரா புடிப்பான். மேட்ச் காட்டுறானாம். "நீ போம்மா, ஆம்பளைங்க நாங்க பாத்துக்கிறோம்"னு என்னைய வெளிய தள்ளிருவான்.

— முகத்துக்கு நேரவோ?

— ஆமாங்க. "கண்ண சிமிட்டுங்கப்பா, இன்னொரு தரம்"னு அவன் கொஞ்சுறது தண்ணி புடிக்கிற பீலிக்கரை வரைக்கும் கேக்கும்.

— அம்மா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. சின்னப் பிள்ளையள் ஆடக்கூடாதெண்டு அந்த பெட் ஆப்பில இப்ப கட்டுப்பாடு வச்சிருக்கினம். வளர்ந்த ஆளின்ர அடையாள அட்டை வேணும். இடைக்கிட முகத்தையும் காட்டச் சொல்லும். கண்ணைச் சிமிட்டினாத்தான் உயிருள்ள ஆளெண்டு நம்பும்.

— அதுக்கு?

— இவற்ர அடையாள அட்டை ஆரிட்ட இருக்கு?

— அவங்கிட்டத்தான். பேங்கு கார்டும். இவரோட ஈபிஎஃப் காசு அதுலதான் கெடக்கு, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி வைத்தியம் பாக்குறதுக்கு. எனக்கு அந்த மெசின்ல எடுக்கத் தெரியாதுங்களே.

— காசு இருக்கோ எண்டு கடைசியா எப்ப பாத்தனீங்கள்?

— டீச்சர், எம்புள்ள அப்படிச் செய்ய மாட்டான்.

— சரி. செய்யேல்லை எண்டே வச்சுக்கொள்ளுவம்.

— அஞ்சாறு நாளா அவன் வந்து உக்காந்தாலே இவரு கண்ண இறுக்கி மூடிக்கிறாரு. அவன் கெஞ்சிப் பாத்தான். வெரல வச்சு எமைய தூக்கிக்கூடப் பாத்தான். அப்புறம் நான் கூப்பிட்டும் கண்ணத் தொறக்கல. என் மேலதான் கோவமாக்கும்னு அழுது தீத்தேன்.

— இப்ப கேட்டுப் பாருங்கோ.

— ஏங்க, புள்ள வீட்டுல இல்ல. நானும் டீச்சருந்தான். அந்தப் போனுக்காகவா கண்ண மூடுனீங்க? பாருங்க, தொறந்துட்டாரு. ஒரு சிமிட்டு. ஒண்ணேதான். கண்ணுல தண்ணியா ஓடுதே டீச்சர். எப்படிச் சொல்லுவாரு? பசிக்குதா, குளிருதா, இத விட்டா நான் வேற என்னத்தக் கேட்டேன்?

— அழாதேங்கோ. ஏலுமானதை அவர் செய்திட்டார். ஆனா எனக்கொண்டு விளங்கேல்லை. நிஷாந்த் இண்டைக்கும் இடைவேளைக்குள்ள போனில பெட் ஆடினவன். இவற்ர முகம் இல்லாம எப்பிடி?

— கவுருமெண்டு குடுக்குற அஸ்வெசும காசுக்குப் பதியணும்னு நேத்து என் அடையாள அட்டைய வாங்குனான் டீச்சர். போன என் மூஞ்சிக்கு நேரா புடிச்சான். "அழகா இருக்கம்மா, இங்க பாரு, கண்ண சிமிட்டு"ன்னான். நான் பூவெல்லாம் வச்சுக்கிட்டுச் சிரிச்சேன்.