கதவுக்கும் ஒரு டிக்கெட்

"கதவைத் தூக்கிட்டு எங்கீங்க அம்மணி போறீங்க?"

உக்கடத்தில் பழைய மரக்கதவு ஒன்றோடு டவுன் பஸ்ஸில் ஏறிய தம்பதியிடம் கண்டக்டர் கேட்டார். கணவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவிதான் பதில் சொன்னார்.

"எங்க ஊட்டுக்குங்க. இத்தனை வருசம் ரயில் பாலத்தடியில கெடந்தோமுங்க. சும்மா பூட்டிக் கெடந்த கவருமென்ட்டு ஊடுகள எங்களாட்ட ஆளுங்களுக்குக் குடுக்கறாங்க."

"பூட்டிக் கெடந்த ஊட்டுக்குக் கதவில்லீங்களா?"

"சாவி குடுத்தாங்க. போய்ப் பாத்தா கதவக் காணோமுங்க. எந்தக் காலத்துல ஆரு கழட்டுனாங்களோ."

பக்கத்து இருக்கையில் இருந்த எனக்கு அரசு அலுவலகத்தில் வேலை; 'உள்ளது உள்ளபடி ஒப்படைக்கப்படும்' என்று நானே பல கோப்புகளில் எழுதியிருக்கிறேன். உள்ளது சாவி, அதை முறைப்படி ஒப்படைத்துவிட்டார்கள்.

"இவ்வளவு பெருசு பஸ்ஸுல ஏத்தக் கூடாதுங்க அம்மணி."

"இன்னைக்குக் குடி போகாட்டி அடுத்த ஆளுக்குப் போயிருமாமுங்க. வயசுப் புள்ளைய வெச்சுட்டுக் கதவில்லாம எப்படிங்க படுக்கறது?"

கண்டக்டர் கதவை மேலும் கீழும் பார்த்தார்.

"லக்கேஜ் டிக்கெட் போட்டுக்கறேனுங்க. ஓரமாப் புடிங்க."

விதியில் இதற்கு இடமில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த நிறுத்தத்தில், கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பெரியவர் ஒருவர் இறங்க வேண்டியிருந்தது. அவர் விரலை மடக்கிக் கதவைத் தட்டினார்.

"ஏனுங்க, ஊட்ல ஆருங்க?"

பஸ்ஸே சிரித்தது. அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மொத மொதல்ல நம்மூட்டுக் கதவத் தட்டறாங்க பாருங்க" என்றார் கணவரிடம்.

அதுவரை வாய் திறக்காத மனிதர் கதவை மெல்லச் சாய்த்து வழிவிட்டார்.

"வாங்க, வாங்க. காப்பி குடிச்சுப்போட்டுத்தான் போகோணும்."