தொட்டி கழுவியாச்சு

ஹலோ... ஹலோ! பத்ரியா? ... அக்காடா. ... ஷ்யாமளா அக்காதான், உனக்கு எத்தன அக்கா இருக்கா? ... ஆமா, நியூஜெர்சிலேர்ந்துதான். உன் ஆத்துலேர்ந்துதான் பேசறேன். செடிக்குத் தண்ணி விடு, தபால எடுத்து வை, ஹீட்டரப் பாத்துக்கோன்னு வேலக்காரிக்குச் சொல்றாப்ல சொல்லிட்டு மெட்ராஸுக்குப் பொறப்பட்டுப் போனியே, அந்த ஆத்துலேர்ந்து. ... சரி சரி, வெளையாட்டுக்குச் சொன்னேன். உன் மச்சினன் கல்யாணம் நன்னா நடந்துதா? ... ம்... ம்... அஞ்சனா தம்பிக்கு வேஷ்டி இடுப்புல நின்னுதா? ... நின்னுதாமா! அவா ஆத்துல அதுவே பெரிய காரியம்தான்.

இங்கயா? இங்க எல்லாம் பேஷா இருக்கு. நானும் அத்திம்பேரும் எங்க பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்ட்டப் பூட்டிண்டு வந்து இங்கயேதான் இருக்கோம். இன்னும் செத்த நாழில அந்த டாக்டர் கந்தசாமி வரார். ... ஆமா, அவரும் அவர் பொண்டாட்டி வசந்தாமணியும். ... தெரியும்டா. திங்கக்கிழமை கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவ வீட்டச் சுத்திப் பாக்க வரா. ... தெரியும். அந்தம்மாவுக்கு முட்டி வலி, தண்ணில நடந்தாத்தான் தேவலயாம். அதுக்காகத்தான் ஸ்விம்மிங் பூல் இருக்கற வீடாப் பாத்து வாங்கறா. எத்தன தடவடா சொல்வ? ... இந்த வீடு கைமாறினாத்தான் உனக்குக் கலிபோர்னியால, சான் ரமோன்ல வீடு. அதுவும் தெரியும். நான் என்ன கொழந்தையா?

அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். தொட்டிய மூடியாச்சு. ... தொட்டிதாண்டா. ... நீ என்ன பேரு வேணா வெச்சுக்கோ. நாலு பக்கமும் சுவர், நடுவுல தண்ணி. எனக்கு அது தொட்டிதான்.

... யாரு, அந்த ஆளா? அவன் வரல. நான்தான் வராதேன்னுட்டேன். ... அவன் மெஷின்ல மெசேஜ் விட்டேன், நோ நீட், தேங்க்யூன்னு. ... பின்ன என்னடா? குளிர்காலத்துக்குத் தொட்டிய மூட ஒரு ஆள், அவனுக்கு ஒரு டிரக்கு! உனக்குக் கை கால் இல்ல? நீ போறச்சே ஏர்போர்ட் வழியெல்லாம் வெளக்கிண்டு வந்தியே, எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. கொஞ்சமே கொஞ்சம் தண்ணிய எறக்குவானாம். குழாய்க்குள்ள காத்த ஊதுவானாம். ஏதோ மருந்தக் கொட்டுவானாம். மேல ஒரு தார்ப்பாயப் போட்டு மூடிட்டுப் போயிடுவானாம். மிச்சத் தண்ணி? அது அப்படியே உள்ள கெடக்குமாம், பனியெல்லாம் கரையற வரைக்கும். ஏண்டா, அது என்ன ஆவக்காயா, மூடி வெச்சு ஊற வெக்கறதுக்கு?

... இரு. ... இருடா, சொல்லி முடிச்சுடறேன். எப்பப் பாத்தாலும் குறுக்க குறுக்கப் பேசிண்டு.

பழைய தண்ணிய எந்த மனுஷனாவது மூடி வெப்பானா? நம்மாத்துத் தொட்டிய அப்பா எப்படிக் கழுவுவார்? பூராவும் எறச்சு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சு, நன்னா காய விட்டுத்தானே மூடுவார்? அதுக்கு அவர் அமெரிக்கால வந்து படிச்சாரா? உனக்கு ஒரு பல்ப் மாட்டணும்னாக் கூட ஆள் வரணும். பெரிய மேனேஜர்! கம்ப்யூட்டர்ல தட்டறத விட்டா வேற என்ன தெரியும் உனக்கு?

... ஆமா. ... ஆமா, எறச்சாச்சு. ... எவ்வளவுன்னா? பூராவும்தான். ... ஒரு சொட்டு இல்லடா. அத்திம்பேர் ஹார்ட்வேர் கடைல பம்ப் வாடகைக்கு எடுத்துண்டு வந்தார். இப்பக்கூட அதத் திருப்பிக் குடுக்கத்தான் போயிருக்கார். ... ஆமா, அடி வரைக்கும். நானே உள்ள எறங்கி, எடிசன்ல நம்மூர்க் கடைல வாங்கின துடைப்பத்தால தேச்சேன். வாங்கின நாள்லேர்ந்து அந்த அடித் தரைய நீ ஒரு நாளாவது பாத்திருக்கியா? கருகருன்னு பாசி. கால வெச்சா வழுக்கறது. அதுலதான் நீயும் அஞ்சனாவும் ஆனந்தமா நீச்சல் அடிச்சேள். கர்மம்! இப்ப வந்து பாரு, தரைல சாதம் போட்டுச் சாப்பிடலாம்.

ஹலோ? ... லைன்ல இருக்கியா?

... எப்பன்னா? புதன்கிழமை. ... மழையா? ஆமா, பேஞ்சுது. மறுநாள்லேர்ந்து கொட்டு கொட்டுன்னு கொட்டித்து, இன்னிக்குக் காத்தாலதான் விட்டுது. பின்னாடி ஓடை ரொம்பி வேலி வரைக்கும் வந்துடுத்து. ... ஏண்டா, நான் தொட்டியப் பத்திச் சொன்னா நீ மழையப் பத்திக் கேக்கற? உள்ளல்லாம் விழாது. தார்ப்பாயப் போட்டு இழுத்துக் கட்டியிருக்கோம். ... சத்தமா? என்ன சத்தம்? ... ம், நேத்து சாயங்காலம் டமால்னு ஒண்ணு கேட்டுது. இடின்னு நெனச்சேன். ... போய்ப் பாக்கணுமா? எதுக்கு? ... ஏன் கத்தற? அக்காங்கற மரியாத வேண்டாம்? ... போறேன். போறேன்டா. கார்ட்லஸ்தானே இது... ஸ்ஸ், என்ன குளிர்... எல்லாத்துக்கும் ஒரு ஆர்ப்பாட்டம் இவனுக்கு...

ம். வந்துட்டேன். தார்ப்பாய் இருக்கு, கட்டினது கட்டினபடி. போறுமா? ... சுத்தி இருக்கற சிமெண்டுத் தரையா? ... ஆமா, ஒரு வெடிப்பு இருக்கு. ... பெரிசுதான். கை நொழையும். ... அது முன்னாடியே இருந்திருக்கும், நீ எங்க பாத்த! ... ஏணி? ஏணி சாஞ்சிருக்கு. ... விளிம்பா? விளிம்பு தரையோட தரையா... இல்ல. ... இருடா. ... ஒசந்திருக்கே. ... அந்த ஆழமான பக்கம். ... என் முழங்கால் ஒசரத்துக்கு நிக்கறது. ... ஆமா, மொத்தமா. ... பத்ரி, புதன்கிழமை இது இப்படி இல்லயே!

... மெதுவாச் சொல்லு. ... மண்ணுக்கு அடியில தண்ணி... மழைல அது ஏறி... கீழேர்ந்து தள்ளும்... ம்... உள்ள இருக்கற தண்ணிதான் அத அழுத்திப் பிடிச்சிண்டு... ம்... காலி பண்ணிட்டா மிதக்குமா? ... சிமெண்டுத் தொட்டி மிதக்குமா? என்னடா ஒளர்ற! ... இந்த ஊர்க்காரன் கட்டின லட்சணம்னு சொல்லு! நம்மாத்துத் தொட்டி இத்தன வருஷத்துல ஒரு நாள் மேல கெளம்பியிருக்கா? ... என்னது? ... ஆமா, மொட்ட மாடிலதான் இருந்துது. ... ஆமா. ... மண்ணுல இல்ல. ... ஆமாடா. மொட்ட மாடிலதான்.

அதுக்குத்தான் அந்த ஆள் தண்ணியக் கொஞ்சமா எறக்குவானா?

... சரி, இப்ப ஒண்ணும் குடி முழுகிப் போயிடல. திரும்ப ரொப்பிடறேன். ஹோஸ் இருக்கு, குழாய் இருக்கு... ... ரொப்பினாலும் தொட்டி இனிமே கீழ எறங்காதா? ... கீழ குழாயெல்லாம் பேந்திருக்குமா? ... பூராவும் இடிச்சு எடுக்கணுமா? ... அவா வாங்க மாட்டாளா? ... கேக்கட்டும்டா, நம்மூர் மனுஷாதானே, எடுத்துச் சொன்னா... ... ஆமா. அதுக்காகத்தானே வாங்கறா. ... ஆமா.

திட்டேண்டா. ... பரவாயில்லக்காவா? என்ன பரவாயில்ல? உன் வீடு போச்சு, சான் ரமோன் வீடும் போகப் போறது, பரவாயில்லயாம்! ... எப்பவும் இப்படித்தான் நீ. நான் என்ன சொன்னாலும் சரிக்கா, சரிக்கா. ஒரு தடவயாவது என்ன வாய மூடச் சொல்லியிருந்தா... ... சொன்னியா? ... எப்ப? ... ஏர்போர்ட் போறச்சேயா? ... முழுசா எறைக்கக் கூடாதுன்னா? ... நான் கேக்கல. ... கேக்கலடா. உன்னக் கேட்டு என்ன ஆகப் போறதுன்னு இருந்துட்டேன். ... பத்ரி, பயமா இருக்கு.

... இரு, கார் சத்தம். ... அவாதான். ... உள்ள விட வேண்டாமா? ... நீ ஏஜெண்ட் கிட்டப் பேசற வரைக்கும்... சரி... சரி... ஐயோ, அவா வாசப்பக்கம் போகல. சைடு கேட்டத் தெறந்துண்டு நேரா இங்க வரா. ... நான் எங்க ஒளியறது? தொட்டிகிட்டயே நிக்கறேன். ... சிரிச்சிண்டே வந்தா... இப்ப நின்னுட்டா.

... டாக்டர் குனிஞ்சு வெடிப்புல கைய விட்டுப் பாக்கறார். ... அந்தம்மாவா? அந்தம்மா தொட்டியப் பாக்கல. என்னத்தான் பாக்கறா. ... எப்படின்னா... எப்படிச் சொல்றது... நான் உன்னப் பாப்பேனேடா, இதுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. அப்படிப் பாக்கறா.

... என்ன? ... காலிங் கார்டுக்காரி குறுக்கப் பேசறா. கார்டுல காசு தீரப் போறதாம், இன்னும் ஒரு நிமிஷம்தான் பேசலாமாம். ... பத்ரி, கேக்கறதா? டாக்டர் என் கிட்ட வரார்டா. நான் என்ன சொல்லட்டும்? ... கேக்கல. ... நீ சொல்லு, நான் குறுக்கப் பேசல. நீ என்ன சொல்றியோ அதயே அப்படியே— ... ஹலோ? ... பத்ரி? ... சொல்லுடா... ஹலோ...