குதிக்காதவருக்கு மாலை

"ஹலோ... ஹலோ... ஆங், கேக்குது. எங்க இருக்கீங்க?... எந்த டீக்கட?... கேட்டுக்கு எதிர்லியா? வயித்தக் கலக்குது, தோ வந்துடறேன்னுட்டுப் போன மனுசன் டீக்கடையில என்னா பண்றீங்க?... ஓ, பன்னு வேறயா. சாப்புடுங்க, சாப்புடுங்க. வயிறு சரியாப்பூடும்."

சுடர்விழி போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றாள். மைசூருக்குப் பக்கத்தில் ஒரு விமானத் திடல். அங்கே வேலை செய்கிற பெண் ஒருத்தி குனிந்து அவள் தொடையைச் சுற்றி பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். பத்தாயிரம் அடிக்கு மேலே போய், பயிற்சியாளர் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பாராசூட்டில் குதிக்கிறதுக்கான பெல்ட்டு அது. நியாயமாகப் பார்த்தால் அதை மாட்டியிருக்க வேண்டியவர் அவள் புருஷன் வினோத்குமார். புதுச்சேரி சாரத்தில் நற்பணி மன்றத் தலைவர். பஸ்ஸில் வழி நெடுக வீரம் பேசிக்கொண்டு வந்தவர், காலையில் விமானத்தைக் கண்ணால் கண்டதும் ஆளைக் காணோம். அடுத்து யார் என்று பேர் கூப்பிட்டபோது, வீடியோ எடுக்க வந்த பெண்டாட்டிதான் கையைத் தூக்கினாள்.

"ஆமா, நான்தான்... ஆமாங்கறேன் இல்ல. எடையெல்லாம் பாத்துட்டாங்க. கையெழுத்தும் போட்டாச்சு... யாரக் கேட்டா? யாரக் கேக்கணும்?... சிரிங்க, நல்லா சிரிங்க. பொர ஏறிக்கப் போவுது."

பத்தொன்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போன சிரிப்பு. ஸ்கூட்டி கற்றுக்கொள்கிறேன் என்றாள், சிரித்தார். தனியாகச் சென்னைக்குப் போய் வருகிறேன் என்றாள், அதற்கும் சிரித்தார். இவள் சரியான பயந்தாங்கொள்ளி என்று சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொல்வார். சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டாள். அது நிஜம்தானா, இல்லை இந்த ஆள் கட்டிவிட்ட கதையா என்று இன்றைக்கு அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"பயமா? இருக்குது. ஏன் இல்லாம? ஆனா இங்கதான் நிக்கிறேன். நீங்க எங்க நிக்கிறீங்க?... என்னாது, பெல்ட்டு பிஞ்சுடுமா? யார்கிட்ட சொல்றீங்க? பதினோரு வருசமா கார்மென்ட்ஸ்ல மிஷின்ல ஒக்கார்றவ நான். ஒவ்வொரு தையலா இழுத்துப் பாத்துட்டேன். ஒரு நூல் எழும்பல. உங்க வாய்ச்சொல்லவிட இது கெட்டி."

எதிர்ப்பக்கம் பேச்சு தணிந்தது. அவர் குரலைத் தணித்தால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

"என்னா திடீர்னு கொழையறீங்க?... சொல்லுங்க. முழுங்காம சொல்லுங்க... மன்றத்து குரூப்புல போட்டுட்டீங்களா? என்னான்னு?... 'குதிச்சாச்சு'ன்னா! எப்போ?... எட்டே முக்காலுக்கா? அய்யோ, அப்போ நீங்க கக்கூஸ்ல இல்ல இருந்தீங்க!"

மன்றத்து ஆட்களின் பழக்கம் அப்படி. எது நடந்தாலும் நடக்கிறதுக்கு முன்னாலேயே பேனர் கட்டிவிட வேண்டும். சாரம் முனையில் நேற்றே கட்டியாகிவிட்டது. பாராசூட்டில் தொங்குகிற யாரோ ஒரு வெள்ளைக்காரன் உடம்பு, அதன்மேல் கூலிங் கிளாஸ் போட்ட வினோத்குமார் தலை. 'ஆகாயத்தை வென்ற அண்ணனே!' என்று எழுத்து. வெல்லப் போகிற என்றுகூட இல்லை, வென்ற! செயலாளர் அரிகிருஷ்ணன் செய்த வேலை. பேனர் மானத்தைக் காப்பாற்ற, தலைவரும் கையோடு செய்தி தட்டிவிட்டிருக்கிறார்.

"அரிகிருஷ்ணன் என்னா சொல்றாரு?... மேளமா? பஸ் ஸ்டாண்டுலியா?... ஆளுயர மாலையா! த்தூ... இல்ல, வாயில தூசி... செரி, துப்புனதாவே வச்சுக்குங்க."

"ம்... ம்... வீடியோவா? அது அவங்களே கையில கேமரா கட்டிக்கினு எடுப்பாங்க... ஆங், கேக்கறேன், சொல்லுங்க. முடிய தொப்பிக்குள்ள வுட்டுக்கணும்... மூஞ்சியக் காட்டக் கூடாது... வாயத் தொறந்து கத்தக் கூடாது... உங்க நீலச் சட்டைய மேல மாட்டிக்கணுமா? சட்டைக்கு எங்க போறது?... கழட்டி வாட்ச்மேன்கிட்ட குடுத்தனுப்பறீங்களா! வெறும் பனியனோட நிப்பீங்களா ரோட்டுல? நில்லுங்க, நில்லுங்க. அதுக்கும் ஒரு பேனர் கட்டச் சொல்லுவோம்."

விமானம் ஓடுபாதையில் உருண்டு வந்து நின்றது. பெல்ட்டு மாட்டிய பெண் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாக எல்லோரிடமும் போனை வாங்க ஆரம்பித்தாள். சுடர்விழிக்கு அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது. பயந்து ஓடினாரே, அதை அவள் குற்றமே சொல்லவில்லை. பயம் யாருக்குத்தான் வராது. அவள் பயந்து நடுங்கிக்கொண்டு செய்யப் போகிற காரியத்தையும் தூக்கிக்கொண்டு போய்க் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்ளப் பார்க்கிறாரே, அந்த நினைப்புதான் குமட்டியது.

"பூர்ணிமாவா? அவளுக்கு என்னா?... அவகிட்டயும் அம்மா கீழ நின்னு வீடியோ எடுத்தேன்னு சொல்லணுமா? நான் பெத்த பொண்ணுகிட்டயா?... மானமா? யாரு மானம்?... ஒரு நிமிசம். ஒரு நிமிசம் வாய மூடு... ஆமா, மூடுன்னுதான் சொன்னேன்."

பத்தொன்பது வருஷத்து 'நீங்க' அந்த இடத்தில் கழன்று விழுந்தது. அதைத் தேடி எடுக்க அவளுக்கு நேரமில்லை. தட்டு அவள் பக்கம் வந்துவிட்டது.

"நல்லாக் கேட்டுக்க. இப்போ மேல போறேன். பாராசூட்டு விரியலன்னு வையி, அரிகிருஷ்ணனுக்குப் போன் போட்டு என்னான்னு சொல்லுவே?... அபசகுனமெல்லாம் இல்ல, கேட்டதுக்கு பதில் சொல்லு... 'வினோத்குமார் செத்துட்டான், மாலையக் கொண்டாங்க'ன்னு சொல்லுவியா?... மாட்டே இல்ல?... வுழுந்து செத்தா அது சுடர்விழி. காலூனி எறங்கிட்டா மட்டும் அது வினோத்குமாரா?... உன் சட்டைய நீயே மாட்டிக்க, நான் மூஞ்சியக் காட்டிக்கினுதான் குதிப்பேன். செரி. போன வாங்கறாங்க. வைக்கிறேன்."