பார்த்துச் சொல்ல வேண்டியவன்

என்னால் ஒரே இடத்தில் ரொம்ப நேரம் உட்கார முடியாது, ஐயா. விசாரணைக்கு நடுவில் எழுந்து நடந்தால் தப்பாக நினைக்காதீர்கள். விமானம் ஓட்டுகிறவனுக்கு இருக்கக்கூடாத வியாதிதான்.

கேப்டனைப் பற்றிக் கேட்டீர்கள். தங்கமான பிள்ளை. என்னைவிட வயதில் மிகவும் இளையவர். அந்தப் பதவி எனக்குக் கிடைக்க வேண்டியது என்று சிலர் பேசினார்கள். நான் பேசவில்லை, கைகொடுத்து வாழ்த்தினேன். கேப்டனாக அவர் ஓட்டத் தொடங்கிய முதல் வாரம் அது. துணை விமானி நான்.

"வாங்க கேப்டன் சார்" என்றேன்.

"காலை வாராதீங்கண்ணா. எப்பவும் போல தம்பின்னே கூப்பிடுங்க. எங்கயாவது சொதப்பினா தலையில ஒரு குட்டு வைங்க."

"அப்ப முதல்ல அந்தத் தொப்பியைக் கழட்டுங்க."

வாய்விட்டுச் சிரித்தார்.

மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒரு கதவு மூடவில்லை என்று எச்சரிக்கை விளக்கு எரிந்தது. சரிபார்த்தோம். கதவு மூடித்தான் இருந்தது, விளக்கில்தான் கோளாறு. ஆனால் அதற்கே அவருக்கு நெற்றி வியர்த்துவிட்டது. அந்த வியர்வையைத் துடைப்பதற்குள் விமானம் குலுங்கியது. கருகல் வாடை வந்தது. இடது என்ஜினின் அளவுமானியில் முள் துடித்துக்கொண்டிருந்தது; கோளாறு அதில்தான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. என்ஜினை அணைக்கும் விசையை யாரும் தன்னிச்சையாக இழுக்கக்கூடாது. ஒருவர் அதில் கை வைத்து வாய்விட்டுக் கேட்க வேண்டும். மற்றவர் கண்ணால் பார்த்துச் சொன்ன பிறகுதான் இழுக்க வேண்டும். பதற்றத்தில் கை தடுமாறும் என்று அறிந்தவர்கள் ஏற்படுத்தியது.

அவர் வலது விசையில் கை வைத்தார்.

"இதானேண்ணா?"

பார்த்தேன். முள்ளையும் பார்த்தேன், அவர் கையையும் பார்த்தேன். எனக்கு யார்மேலும் கோபம் இல்லை, ஐயா. அன்று காலையும் கடவுளைக் கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பினேன். கொஞ்சம் தடுமாறட்டும், பிறகு கட்டுப்பாட்டை நான் வாங்கிச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அவசரப்பட்டுப் பதவி கொடுத்தவர்களுக்கும் புரியும். அவருக்கும் அது நல்லதுதான்.

"சரி" என்றேன்.

நல்ல என்ஜினை அணைத்தார். நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் கோளாறான என்ஜினும் நின்றுவிட்டது. மறுபடி இயக்க உயரம் போதவில்லை.

அவர்தான் வயல்வெளி தேடி இறக்கினார். நான் பெல்ட்டைக்கூட இறுக்காமல் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தரை நெருங்கும்போது, "அண்ணா, பெல்ட்டு" என்று சொல்லி, ஒரு கையை நீட்டி என் தோள்வாரை இழுத்து இறுக்கினார். அதனால்தான் பிழைத்தேன். பின்வரிசைகளில் இருந்தவர்கள் யாரும் வெளியே வரவில்லை.

தப்பு முழுக்கத் தன்னுடையது என்று ஆஸ்பத்திரியில் உங்களிடம் சொல்லியிருக்கிறார். "நான் பதறி உங்களையும் குழப்பிட்டேன், மன்னிச்சிடுங்கண்ணா" என்று என்னிடமும் சொன்னார். அதன்பிறகு எனக்குத் தூக்கமில்லை. கண்ணை மூடினால் அந்தக் கை தோள்வாரை இழுக்கிறது.

எழுதிக்கொள்ளுங்கள். அது நல்ல என்ஜின் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் "சரி" என்றேன்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. அந்த விசையை நான் தொடக்கூட இல்லை. அவர் கேட்டார், மரியாதைக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.