நாலரை அடி

இல்ல மிஸ், குட்டியெண்டு மட்டும் எழுதிடாதீங்க. நாலரை அடிதான், ஓம், நாடாவ நானும் பாத்தன். எண்டாலும் செத்துக் கிடக்கிற இது வளந்து முடிஞ்ச உருப்படி.

வனசீவராசி ஒபிசுல இரிந்து வந்தவங்களுக்கு மீன்பிடிக்கிற இந்தப் பாறூக் என்னத்தப் படிச்சுக் குடுக்கிறதெண்டு நினைப்பீங்க. பஹ்ரைன்ல ஏழு வருசம் மீன்பிடித் தோணியில நிண்டவன் நான். அங்க வலையில படுறதும் இந்த அளவுதான். சீனாப் பக்கம் ஆறடிக்கு மேலயும் வருமெண்டு நீங்கதானே இப்ப சென்னீங்க. வரும். கடலுக்குக் கடல் உடம்பு வேற. முதுகுல செட்டை இல்ல பாருங்க, அந்த இடத்துல சொரசொரெண்டு ஒரு பட்டை. தடவிப் பாருங்க.

பேரா? புத்தகத்துல கடல்பன்றியெண்டு போட்டிரிப்பாங்க. நாங்க அத வாயில எடுக்கிறல்ல. செட்டையில்லாத டொல்பின் மாதிரி இரிக்கிறதால மொட்டை ஓங்கலெண்டுவம்.

பொம்புளதான். அடிவயித்து வெடிப்புக்கு ரெண்டு பக்கமும் சின்னக் கீறு தெரியுதா, அது முலை. ஆம்புளைக்கு வெடிப்பு இன்னும் மேல, தொப்புள் பக்கமா இரிக்கும். ஆம்புள கொஞ்சம் நீளமெண்டும் சென்னீங்க, அப்ப இது கட்டையா இரிக்கிறது சரிதானே.

கரையொதுங்கினதெண்டு முதல்லயே சென்னனே மிஸ். வால்ல கிடக்கிற காயம் பாறையில பட்டதாயிரிக்கும்.

இஞ்ச எங்க பாறையெண்டு நீங்க கேக்கிறது சரிதான்.

வலைதான். என்ட வலை. முந்தநாள் விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பொறகு இழுக்கக்குள்ள பாரமா வந்திச்சு. வால் சிக்கி, மேல வந்து மூச்செடுக்க ஏலாமத் துடிக்குது. அறுத்து விடக் கத்திய எடுத்தன். எடுத்துட்டு யோசிச்சன். வலை புதுசு. கொஞ்ச நேரம்தான் யோசிச்சன், மிஸ். மறுகா அறுக்கக்குள்ள அது அசையல்ல.

செல்லியிரிக்கலாம்தான். என்ட மச்சான் றிப்ஷான் போன வருசம் இப்புடித்தான் உள்ளதச் சென்னான். தோணியும் பறிபோய், அவன் இன்னும் கோட்டுக்கு அலையுறான். எனக்கிட்ட இரிக்கிறதும் ஒரே தோணி.

அதக் கேப்பீங்கெண்டு தெரியும். வளந்ததெண்டு எப்புடித் தெரியும்? தோணிக்குள்ள தூக்கிப் போடக்குள்ள என்ட கையெல்லாம் பால்.

ஓம். குட்டி இரிக்கு. கரை மட்டும் தோணியோட பின்னாலயே வந்திச்சு. திருப்பித் தள்ளிப் பாத்தன், போகல்ல. கடல்ல விட்டா தாயில்லாமச் சாகும். வெச்சிரிந்தா நான் உள்ளுக்குப் போகணும். என்ன செய்யச் செல்றீங்க? ஈரச் சாக்குல சுத்தி ஆட்டோவுல கொண்டுபோய், வாவிக்கரையில வலையடைச்சு விட்டன். ரெண்டு நாளா ஒருத்தருக்கும் மூச்சு விடல்ல. போத்தல்ல பால்மா கரைச்சுக் குடுத்தா வழிஞ்சு ஓடுது. நேத்து தானா மேல வந்து மூச்செடுத்திச்சு. இண்டைக்கு ஏலாமப் போயிட்டு.

கேஸப் போடுங்க, நான் எங்கயும் ஓட மாட்டன். முதல்ல வாங்க, ஆட்டோவுல அஞ்சு நிமிசம். என்ட பொஞ்சாதி றமீஸா விடியத்துல இரிந்து நெஞ்சளவு தண்ணிக்க நிக்கிறா, அதத் தாங்கிப் புடிச்சிக்கிட்டு. கைய எடுத்தா தாழுது.