கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தோம், ஃபைலுக்குப் பெயர் வைத்தோமா?

சந்தனம் காயாத நெற்றியோடு இந்த ஆயுதபூசை விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் பேட்டர்ன் மாஸ்டர் குமாரசாமி அண்ணன் அவர்களே! நாற்காலி போட்டுக் கொடுத்தும் உட்காராமல் சுண்டல் அண்டாவைச் சுற்றிவரும் பெரியோர்களே! இடுப்பில் பிள்ளையும் கையில் பொரிப் பையுமாக வந்திருக்கும் தாய்மார்களே! இந்த நெருப்பெரிச்சல் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களே! தெற்குச் சீமையிலிருந்து பிழைக்க வந்து எங்களையும் பிழைக்க வைத்தவர்களே! பீகாரிலிருந்து வந்து, "அக்கா, சாப்ட்டீங்களா?" என்று என்னையே விசாரிக்கும் தம்பிமார்களே! ஊசியில் நூல் கோத்து ஊருக்கும் உலகுக்கும் உடை கொடுக்கும் உழைப்பாளிகளே! உங்கள் எல்லோருக்கும் இந்த ஞானாம்பாளின் பணிவான வணக்கம்.

வீட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்கு என்னைத் தெரியாது. இந்தக் கம்பெனியின் சாம்பிள் பிரிவில், துணி வெட்டுவதற்கான அளவுப் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, பெரிய தாளில் அச்சடித்து, தைப்பவர்கள் கையில் கொடுப்பவள் நான். அந்த அளவுப் படத்தைத்தான் நாங்கள் பேட்டர்ன் என்கிறோம். 'தொழிலும் தொழில்நுட்பமும்' என்று பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தேன். வந்து அந்தப் பூசை மேசையைப் பார்த்தேன், வயிறு எரிந்துவிட்டது.

பாருங்கள் அந்த மேசையை! தையல் மெஷினுக்குச் சந்தனம், இஸ்திரிப் பெட்டிக்குக் குங்குமம். என் கம்ப்யூட்டருக்கு மூன்று பட்டை விபூதி, நடுவில் பொட்டு, மேலே செவ்வந்தி மாலை, மவுசுக்குத் தனியாக ஒரு பூ! பட்டை போட்டோம், பொட்டு வைத்தோம், பூ வைத்தோம், பொரி வைத்தோம். பெயர் வைத்தோமா? அந்தப் பெட்டிக்குள்ளே கிடக்கிறதே பன்னிரண்டாயிரம் ஃபைல், அதில் ஒன்றுக்காவது உருப்படியாக ஒரு பெயர் வைத்தோமா என்று கேட்கிறேன்!

யாரும்மா அங்கே சிரிப்பது? சிரியுங்கள், சிரியுங்கள். நானும் நாலு வருடம் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அட்டையில் பேட்டர்ன் வெட்டினால் மாஸ்டர் என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும். ஓரத்தில் ஓட்டை போடுவார், நாடா கட்டுவார். மேலே ஸ்டைல் நம்பர் எழுதுவார், சைஸ் எழுதுவார், தேதி எழுதுவார், கையெழுத்தும் போடுவார். எழுதாத அட்டையை ஆணியில் மாட்டியவர்கள் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இந்தப் பந்தலில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள். அட்டைக்கு அத்தனை கெடுபிடி! அதே மனிதர், அதே கை, அதே பேட்டர்ன். கம்ப்யூட்டருக்கு வந்ததும் என்ன பெயர் வைத்தார் தெரியுமா? 'முருகா துணை'. அடுத்த ஃபைல்? 'முருகா துணை 2'. அதற்கடுத்து? 'முருகா துணை 3'. இப்படியே போய், 'முருகா துணை புதுசு', 'முருகா துணை ரொம்பப் புதுசு'!

அண்ணன் ஏதோ சொல்கிறார். அவர் கையில் மைக் இல்லாததால் நானே சொல்லிவிடுகிறேன். "ஏனம்மிணி, சாமி பேரை வெச்சா தப்புங்கறயா?" என்கிறார். தப்பில்லீங்க அண்ணா! நானும் சென்னிமலைக்குப் பால்குடம் எடுக்கிறவள்தான். ஆனால் குழந்தைச் சட்டையைத் தேடினால் முருகன் வருகிறார், பெண்கள் நைட்டியைத் தேடினால் முருகன் வருகிறார், ஆண்கள் பனியனைத் தேடினாலும் அந்த முருகனே வருகிறார். தேடி வந்தவளுக்கு அருள் கிடைத்தது, அளவு கிடைத்ததா?

போட்டோ கதை இதைவிட மோசம். நம் சாம்பிள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மாதிரி உடுப்பைத் தைத்தாலும், பேட்டர்ன் தாளை மேசையில் விரித்து, அதன்மேல் வெட்டிய துணியை வைத்து, பிரிவின் போனில் ஒரு போட்டோ எடுத்துவிட்டுத்தான் தைக்க உட்காருவோம். நல்ல வழக்கம், நான் குறை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் போட்டோக்களை அள்ளிக் கம்ப்யூட்டரில் கொட்டுவோம். கொட்டுவோமே தவிர, எது எந்தச் சட்டை என்று ஒரு வார்த்தை எழுதினோமா? முப்பத்தெட்டாயிரம் போட்டோ! எல்லாவற்றுக்கும் பெயர் என்ன? எண்ணும் கோடும், கோடும் எண்ணும்!

சரி, இதற்கெல்லாமா இவள் பூசை நாளும் அதுவுமாய் மேடையேறிக் கத்துகிறாள் என்று நினைப்பீர்கள். கத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தின் பெயர் கருத்தம்மா.

கருத்தம்மாக்காவைத் தெரியாதவர் உண்டா? விளாத்திகுளத்துப் பக்கமிருந்து வந்து, பதினோரு வருடமாக நம் சாம்பிள் பிரிவில் தைத்தவர். காலர் திரும்பும் இடத்தில் ஒரு சுருக்கம் காட்டுங்கள் பார்க்கலாம் என்று நான் வெளியூர் ஆட்களிடம் சவால் விடுவேன். அவர் தைத்த ஒரு சாம்பிள்தான் பிரச்சினை ஆனது. ஸ்டைல் நம்பர் 4417, நாலு வயதுக் குழந்தைக்கு, தலையில் தொப்பி வைத்த சட்டை. முதல் பேட்டர்னில் தொப்பிக்குள் கயிறு ஓடும், கழுத்துக்கு முன்னால் இரண்டு துளை இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் பார்த்துவிட்டு, "குழந்தைக்குக் கழுத்தில் கயிறு கூடவே கூடாது, சறுக்கு மரத்தில் மாட்டினால் உயிரே போய்விடும்" என்று திருப்பிவிட்டார்கள். மாஸ்டர் கயிறில்லாத புதுப் பேட்டர்ன் போட்டார். போட்டாரா? போட்டார். கருத்தம்மாக்கா தைத்து, வெளிநாட்டுக்குப் போன சாம்பிளில் என்ன இருந்தது? அதே இரண்டு துளை, அதே கயிறு!

அங்கிருந்து வந்த கோபக் கடிதத்தை முதலில் படித்தவள் நான். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நேராகத் தையல் கூடத்துக்குப் போனேன். அறுபது பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்க, "ஆணியில் மாட்டியிருந்த பழைய அட்டையை வைத்துத் தைத்திருக்கிறீர்கள், ஒரு குழந்தையின் கழுத்தோடு விளையாடியிருக்கிறீர்கள்" என்றேன். அந்த அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "இல்ல தாயி. நீங்க அடிச்சுக் குடுத்த தாளத்தான் தச்சேன். தைக்கதுக்கு முந்தி போட்டோவும் எடுத்தேன். கம்ப்யூட்டர்லதான கெடக்கு, பாருங்களேன்" என்றார்.

பார்த்தேன். தேடல் பெட்டியில் 4417 என்று அடித்தேன். ஒன்றும் வரவில்லை. கருத்தம்மா என்று அடித்தேன். அதற்கும் ஒன்றுமில்லை. போட்டோக்களைத் தேதி பார்த்து உருட்டினால், வெள்ளிக்கிழமை கொட்டிய தேதிதான் எல்லாவற்றிலும் நிற்கிறது, எடுத்த தேதி தெரியவில்லை. எவ்வளவு நேரம் தேடினேன்? பத்து நிமிடம்! ஒரு மனுஷியின் பதினோரு வருட நல்ல பெயருக்கு நான் ஒதுக்கிய நேரம் பத்தே நிமிடம்! திரும்பிப் போய், "அப்படி ஒரு போட்டோ இல்லை" என்றேன். கிடைக்கவில்லை என்று சொன்னேனா? இல்லை. 'இல்லை' என்று சொன்னேன். கிடைக்காததெல்லாம் இல்லாததாகிவிடுமா?

அவர் சொந்தக் கத்தரியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். நம் ஊரில் சாம்பிள் தைப்பவர் கத்தரியோடு கிளம்பினால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருபத்து மூன்று நாள் வரவில்லை. இரண்டு கம்பெனியில் வேலை கேட்டிருக்கிறார். இரண்டு இடத்திலும், "குழந்தைச் சட்டையில் கயிறு விட்டது நீங்கதானுங்களே" என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம்.

இதற்கிடையில் ஒரு நாள் நம் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அபிராமி வந்தாள். அதோ, ஒலிபெருக்கி வயரோடு மல்லுக்கட்டுகிறாளே, அவள்தான். நான் தேடுவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, அந்தத் தேடல் உங்க ஃபைலைப் படிக்கவே இல்லக்கா. வெளிய இருக்கிற பேரை மட்டும்தான் படிக்குது" என்றாள். உள்ளே எல்லாம் இருக்கிறதாம்! ஸ்டைல் நம்பர், சைஸ், என்றைக்குச் சேமித்தது, யார் சேமித்தது, எல்லாமே ஃபைலுக்குள் பதிவாகி இருக்கிறதாம். ஆனால் பேட்டர்ன் ஃபைலைத் திறந்து படிக்க அந்தத் தேடல் பெட்டிக்குத் தெரியாது. அதற்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு சின்னப் புரோகிராம் உண்டு. அதைப் போட்டு, எந்தெந்த ஃபோல்டரைப் படிக்க வேண்டும் என்று டிக் அடித்துவிட்டால் போதும்.

அந்தப் புரோகிராம் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது! பேட்டர்ன் சாஃப்ட்வேர் வாங்கிய அன்றைக்கே அந்தக் கம்பெனிக்காரர்கள் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாலு வருடம்! நாலு வருடமாக என் மேசை இழுப்பறையில், பிரிக்காத கவரில், நூல்கண்டுக்கும் தலைவலித் தைலத்துக்கும் நடுவில் கிடந்தது. தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுமா தோன்றாதா?

அபிராமி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கம்ப்யூட்டரை அதன் போக்கில் படிக்க விட்டாள். போட்டோவுக்கும் வழி சொன்னாள். ஒவ்வொரு போட்டோவுக்குள்ளும் எடுத்த நாளும் மணியும் தானாகவே பதிந்திருக்கிறது. அதற்குப் பக்கத்தில் நாமாக எழுதுவதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஸ்டைல் நம்பரை எழுதினால், எப்போது தேடினாலும் போட்டோ வந்து நிற்கும். முப்பத்தெட்டாயிரம் கட்டமும் காலியாகக் கிடந்தது.

திங்கட்கிழமை காலை 4417 என்று அடித்தேன். வந்தது! மூன்று ஃபைல் வந்தது. முதலாவது 'முருகா துணை 212', கயிறு வைத்த பழைய பேட்டர்ன், மாஸ்டர் சேமித்தது. இரண்டாவது 'முருகா துணை புதுசு', கயிறில்லாத சரியான பேட்டர்ன், அதுவும் மாஸ்டர் சேமித்தது. மூன்றாவது ஃபைலின் பெயர் 'கடைசி ஓகே'. திறந்தேன். உள்ளே கயிறு இருந்தது, துளை இரண்டும் இருந்தது. சேமித்தவர் யார் என்ற இடத்தில் ஒரு பெயர் இருந்தது.

ஞானாம்பாள்.

ஆமாங்க. நான்தான். இரண்டு முருகனில் எது புதிது என்று பார்க்காமல், பழையதை எடுத்து, 'கடைசி ஓகே' என்று நானே பெயர் மாற்றி, நானே அச்சடித்து, நானே கருத்தம்மாக்கா கையில் கொடுத்திருக்கிறேன். அந்த ஃபைலைச் சேமித்த நாளில் எடுத்த போட்டோக்களைத் தேடினால் அதுவும் வந்தது. பதினாலாம் தேதி, காலை பதினொன்று இருபது. மேசையில் விரித்த தாள், அதன் மூலையில் அச்சான எழுத்து, 'கடைசி ஓகே'. அந்த அக்கா சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. இத்தனை நேரம் மாஸ்டரின் முருகனைக் கேலி செய்தேனே, என் ஃபைலின் பெயருக்கு என்ன யோக்கியதை இருந்தது?

அன்றே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "சரி, வரச் சொல்லும்மா" என்றார். சொல்லி அனுப்பினோம், வரவில்லை. ஏன் வருவார்? அறுபது பேர் முன்னால் பழி போட்டுவிட்டு, காதோடு காதாக வரச் சொன்னால் மானமுள்ளவர் வருவாரா? அதனால்தான் இந்த மேடையை நானே கேட்டு வாங்கினேன், பேசச் சொன்னார்கள் என்று முதலில் சொன்னது ஒப்புக்குத்தான். மாஸ்டருக்குக்கூடக் காரணம் சொல்லவில்லை. அபிராமி மட்டும் வீட்டுக்குப் போய், "பூசைக்காவது வாங்க" என்று அழைத்து வந்திருக்கிறாள். அதோ, பந்தல்காலுக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

கருத்தம்மாக்கா! இந்த இருநூறு பேரும் கேட்கச் சொல்கிறேன். கயிறு விட்டது நீங்கள் இல்லை, நான். போட்டோ இல்லை என்று நான் சொன்னது பொய். எனக்குத் தேடத் தெரியவில்லை, தேடும் பொறுமையும் இல்லை, அதை மறைக்க உங்கள் பெயரைக் கெடுத்தேன். என்னை மன்னியுங்கள். காதர்பேட்டைப் பனியன் கடைகள்வரை, யார் கேட்டாலும் இதையே சொல்லுவேன். பூசை மேசையில் நம் பிரிவின் கத்தரி நாற்பத்தொன்று இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். நாற்பத்திரண்டாவதுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

எழுந்திருக்கிறார். வழி விடுங்கள் தம்பிகளே, அந்த நாற்காலியை நகர்த்துங்கள். பையிலிருந்து எடுக்கிறார். கத்தரியோடுதான் வந்திருக்கிறார்! வையுங்கள் அக்கா, அந்த மஞ்சள் துணிமேல் வையுங்கள்.

என்ன அக்கா? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். "மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் தாயி. அந்தப் போட்டோவுல என் பேர எழுதினியா, இல்ல இன்னும் அந்தக் கட்டம் காலியாத்தான் கெடக்கா?"

எழுதவில்லை அக்கா. கிடைத்த சந்தோஷத்தில் அதை எழுதாமலே மூடிவிட்டேன். புத்தி வந்ததா எனக்கு? இன்னும் வரவில்லை!

அண்ணா, பூசையில் வைத்த ஆயுதத்தை நாளைக்குத்தான் தொட வேண்டும் என்பது உங்கள் சட்டம். இன்று ஒரே ஒரு முறை கம்ப்யூட்டரைத் தொடட்டுங்களா? "மாலையை எடு அம்மிணி, முருகங்கிட்ட நான் சொல்லிக்கறேன். இனி நம்பரை முன்னால போட்டு அவனைப் பின்னால போடறேன்" என்கிறார். கைதட்டுங்கள் அவருக்கு! அபிராமி, பிளக்கைச் சொருகு கண்ணு.

இதோ, எழுதிவிட்டேன். '4417. தைத்தவர்: கருத்தம்மா. பேட்டர்ன் தவறு: ஞானாம்பாள்.' சேமித்தாயிற்று.

என் கோபத்தை இவ்வளவு நேரம் தாங்கிக்கொண்ட தலைவருக்கும், பெரியோருக்கும், தாய்மாருக்கும், தம்பிமாருக்கும் நன்றி கூறுகிறேன். நாளைக் காலை வேலைக்கு வந்ததும் ஆளுக்கு ஒரு கட்டமாவது நிரப்புங்கள். அண்ணா, கற்பூரம் ஏற்றுங்க, நாற்பத்திரண்டும் வந்தாச்சு. எல்லோருக்கும் வணக்கம். கருத்தம்மாக்கா, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.